செங்கடலும் உங்கள் தொகுதிதானுங்க

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நீலகிரி, கரூர், நாமக்கல், சேலம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கமுங்க.

உங்களுக்கு வரும் மனுக்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரயில் நிற்க வேண்டும், இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் டாக்டர் வேண்டும், நூல் விலை குறைய வேண்டும், விசைத்தறிக்கு மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும். எல்லாம் நியாயமானவைதான். நான் எழுத வந்தது ஏமன் நாட்டைப் பற்றி. பனியன்காரனுக்கு ஏமனில் என்ன வேலை என்று சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஏமனின் ஹூதி ஆயுதக் குழு செங்கடலில் நம் சரக்கின் வழியை மறித்தது; அவர்களுக்கு ஆயுதம் போகாமல் பாருங்கள் என்று ஈரானிடம் கேட்கச் சொல்லி டெல்லியில் நீங்கள் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதை நம் பக்கத்து எம்.பி. யாரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

2023 நவம்பர் 19 அன்று 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலின் மேல்தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. முகமூடி போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு குதித்து, கப்பலையும் அதிலிருந்த 25 மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு ஏமன் கரைக்குப் போனார்கள். அந்த வீடியோவை ஹூதிகளே வெளியிட்டார்கள்; நீங்களும் பார்த்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தக் கப்பல் துருக்கியிலிருந்து குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது என்பது. இஸ்ரேலியத் தொழிலதிபர் ஒருவருக்குத் தொடர்புள்ள கப்பல் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிடிபட்டவர்களோ பிலிப்பைன்ஸ், பல்கேரியா, உக்ரைன் என்று எங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள். காசாவில் போர்நிறுத்தம் வந்த பிறகு, 2025 ஜனவரியில்தான் அவர்களை விட்டார்கள்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. 'ரூபிமார்', 'டியூட்டர்', 'மேஜிக் சீஸ்', 'எடர்னிட்டி சி' என்று நான்கு கப்பல்கள் மூழ்கின. இஸ்ரேல், அமெரிக்கா, பிரிட்டன் கப்பல்களைத்தான் அடிக்கிறோம் என்றார்கள். அடிபட்டவற்றில் அந்த நாடுகளுக்குச் சம்பந்தமே இல்லாத கப்பல்கள் ஏராளம். ரூபிமாரில் இருந்தது 21,000 டன் உரம்.

நம் சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே தைத்து, செக்கிங் முடித்து, அயனிங் போட்டு, அட்டைப்பெட்டியில் அடைத்த துணி லாரியில் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகிறது. அதில் பெரும்பகுதி அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு போய், பெரிய கப்பலுக்கு மாறுகிறது. பெரிய கப்பல் அரபிக்கடலைத் தாண்டி, ஏமனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே பாப் எல் மன்டெப் என்ற நீரிணைக்குள் நுழையும். அதன் குறுகலான இடம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். திருப்பூரிலிருந்து பல்லடம் போய்த் திரும்பி வருகிற தூரம். அதைத் தாண்டினால் செங்கடல், சூயஸ், மத்தியதரைக்கடல், ரோட்டர்டாம், ஹாம்பர்க். உலகக் கன்டெய்னர் போக்குவரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த ஒரு சந்து வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும் நம் சரக்கும் இந்த வழிதான்.

அந்தச் சந்தின் ஒரு பக்கத்துக் கரையில் ஏவுகணையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடற்படை தேவையில்லை. பத்துக் கப்பலை அடித்தால் போதும், ஆயிரம் கப்பல் தானாகத் திரும்பிவிடும். 2023 டிசம்பரில் எம்.எஸ்.சி., மெர்ஸ்க், ஹபக் லாய்ட், சி.எம்.ஏ. சி.ஜி.எம். என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்கடலை விட்டு விலகின. லண்டனில் உட்கார்ந்திருக்கும் காப்பீட்டாளர்கள் ஆபத்துப் பகுதியின் எல்லையை அகலப்படுத்தினார்கள். கப்பலின் மதிப்பில் 0.1 சதவீதம்கூட இல்லாதிருந்த போர் அபாயக் காப்பீடு 1 சதவீதத்தைத் தொட்டது. ஆயிரம் கோடி ரூபாய்க் கப்பல் ஒரு தடவை அந்த வழியே போய்வர, காப்பீடு மட்டும் பத்துக் கோடி. யார் போவார்கள்?

ஆகவே கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. 3,500 கடல் மைல் கூடுதல், ஏறக்குறைய இரண்டு வாரம் அதிகம். அதே கப்பல்கள், அதே பெட்டிகள். ஒவ்வொரு நடைக்கும் நாள் கூடினால் வருடத்துக்கு நடை குறைகிறது, பெட்டி திரும்பி வருவது தாமதமாகிறது, தட்டுப்பாடு வருகிறது, வாடகை ஏறுகிறது. 40 அடிப் பெட்டிக்கு ட்ரூரி நிறுவனம் வெளியிடும் உலகச் சராசரி வாடகை 2023 நவம்பர் கடைசியில் 1,400 டாலர் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் 5,900 டாலரைத் தாண்டியது.

இந்த இடத்தில் உங்களில் வியாபாரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். திருப்பூரில் முக்கால்வாசிப் பேர் எஃப்.ஓ.பி. விலைக்குத்தானே விற்கிறார்கள், கப்பல் வாடகை வாங்குகிறவன் தலையில்தானே, உங்களுக்கு என்ன நஷ்டம்? டெல்லியிலும் இதைத்தான் கேட்பார்களாம். காகிதத்தில் அது சரி. நிஜத்தில் நடப்பதை ஒரு ஆர்டரை வைத்துச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான கோடைக்கால ரோம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கடைக்கு வர வேண்டிய வாரம் மாறாது. கடல் இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸ் அந்த இரண்டு வாரத்தை எங்களிடமிருந்து எடுக்கும். தொண்ணூறு நாள் கொடுத்த இடத்தில் எழுபத்தைந்து நாள். நூல் வாங்க வேண்டும், நிட்டிங் ஓட்ட வேண்டும், டையிங்கில் வரிசையில் நிற்க வேண்டும், காம்பாக்டிங் முடிய வேண்டும். இதில் எதையும் சுருக்க முடியாது; சாயப்பட்டறைக்காரர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் துணி கொடுக்க முடியாது. சுருக்க முடிகிற இடம் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. லைக்ரா கலந்த துணி ரோலாக வந்ததும் அதை விரித்து ஒரு நாளாவது ஆற விட வேண்டும். இழுபட்டு வந்த துணி தன் அளவுக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும். அவசரத்தில் அப்படியே அடுக்கி வெட்டினால், ஆறு மாதக் குழந்தைக்கு வெட்டியது முதல் சலவையில் மூன்று மாதக் குழந்தைக்கு ஆகிவிடும். அப்புறம் சுருக்கம் என்று புகார், அதற்குத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக் கடிதத்தில் செங்கடல் என்ற சொல் இருக்காது. தரக்குறைவு என்றுதான் இருக்கும்.

நாள் தப்பிவிட்டால் அடுத்த வார்த்தை 'ஏர்' என்பதுதான். கடலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது. ஒரு பனியனுக்கு நாங்கள் பார்க்கும் லாபத்தைப் போல எத்தனையோ மடங்கு விமானக் கூலி. ஆர்டரை இழக்கவும் முடியாமல், அனுப்பவும் முடியாமல், கடைசியில் அனுப்பிவிட்டு அடுத்த சீசனில் சரிக்கட்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வதுதான். அதோடு, பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) தேதியிலிருந்து அறுபது நாளில் பணம் என்பார்கள். சரக்கு வந்து சேர்ந்தபின்தான் அனுப்புவோம் என்று சின்ன வாடிக்கையாளர்கள் நழுவுவார்கள். பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வாங்கும் ஏற்றுமதிக் கடன்) கொடுத்த வங்கி நழுவாது. சனிக்கிழமைச் சம்பளமும் நழுவாது. திருப்பூரில் வாரக் கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பவர் டேபிள் காரருக்கும் செக்கிங் அக்காவுக்கும் போய் நன்னம்பிக்கை முனையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பெரிய கம்பெனிகள் இதைத் தாங்கும். கப்பல் நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். வங்கி மேலாளர் அவர்களுக்கு எழுந்து நிற்பார். தாங்காதது நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களும், எங்களுக்குக் கீழே ஜாப் ஒர்க் செய்யும் பத்து மெஷின், இருபது மெஷின் யூனிட்காரர்களும்தான். எனக்கு வர வேண்டிய பணம் தள்ளிப்போனால் நான் அவருக்குத் தள்ளுவேன். அவர் காஜா பட்டன் அடிப்பவருக்குத் தள்ளுவார்.

வங்கதேசத்துக்கும் இதே கதிதானே என்று ஒரு ஆறுதல் சொல்வார்கள். உண்மை, அவர்களும் அதே கடலில்தான் போகிறார்கள். லாபம் அடைந்தது துருக்கி, மொராக்கோ, துனீசியா. துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குத் துணி லாரியிலேயே போய்ச் சேரும். இரண்டு வாரத் தாமதம் என்பது அவர்களுக்கு யாரோ இலவசமாகக் கொடுத்த விலைச்சலுகை. ஒரு தடவை அங்கே பழகிய ஆர்டர், கடல் திறந்ததும் ஓடி வந்துவிடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்காவை நம்பியிருக்காதீர்கள், ஐரோப்பாவைப் பிடியுங்கள், பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று மேடைக்கு மேடை எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். சரிங்க, பிடிக்கிறோம். அங்கே போகும் பாதைதான் இது.

பனியன் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கரூர்க்காரர்களின் படுக்கை விரிப்பும் மேசைத் துணியும், பொள்ளாச்சியின் தென்னை நார்ப் பொருளும், கோவையின் பம்ப்பும் ஐரோப்பாவுக்குப் போவது இந்த வழிதான். கருங்கடல் துறைமுகங்களிலிருந்து வந்து நம் வீட்டுச் சட்டியில் ஊற்றும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இதே பாதைதான்.

இனி, இதன் பின்னால் யார் என்பதற்கு வருகிறேன். அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

ஹூதிகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. ஏமனின் வடக்கே சாதா பகுதியில், புறக்கணிக்கப்பட்ட ஜைதி ஷியா மக்களிடமிருந்து கிளம்பிய இயக்கம். 2004 முதல் அந்நாட்டு அதிபர் அலி அப்துல்லா சாலேயின் ராணுவத்தோடு மோதினார்கள். பிறகு அதே சாலேயோடு கைகோத்து 2014 செப்டம்பரில் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2017 டிசம்பரில் அவர் அணி மாறப் பார்த்ததும் அவரையே கொன்றார்கள். 2015 மார்ச்சில் சவூதி தலைமையில் தொடங்கிய குண்டுவீச்சில் ஏமன் மக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. போராலும் அது கொண்டுவந்த பட்டினி, நோயாலும் 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவர்களைக் கடற்கொள்ளைக்காரர்கள் என்று மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் சாதா மலையில் துப்பாக்கியோடு திரிந்த ஒரு கூட்டத்துக்கு, நடுக்கடலில் ஓடும் கப்பலைக் குறிபார்த்து அடிக்கும் பாலிஸ்டிக் ஏவுகணை எப்படி வந்தது? உலகப் போர் வரலாற்றிலேயே அந்த வகை ஆயுதத்தைக் கப்பல் மீது முதலில் ஏவியவர்கள் அவர்கள்தான். 2015 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2216-ஆவது தீர்மானம் ஹூதிகளுக்கு ஆயுதம் கொடுப்பதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் ஈரானிலிருந்து பாகங்கள் போய்க்கொண்டே இருப்பதை ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைக்கு அறிக்கை எழுதியது. 2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அருகே ஒரு பாய்மரத் தோணியை அமெரிக்கக் கடற்படை மடக்கியபோது அதில் ஈரான் தயாரிப்பு ஏவுகணைப் பாகங்கள் இருந்தன. அந்த நடவடிக்கையில் அமெரிக்க வீரர்கள் இருவர் கடலில் விழுந்து இறந்தார்கள். 2025 ஜூலையில் ஏமனில் ஹூதிகளுக்கு எதிரான படையினர் 750 டன் ஆயுதங்களைப் பிடித்தார்கள். அரசியல் ஆதரவு மட்டும்தான் தருகிறோம், ஆயுதம் தரவில்லை என்பது ஈரானின் பதில்.

இதில் ஈரானுக்கு என்ன லாபம் என்று பார்த்தால், தன் கப்பற்படை ஒரு குண்டும் சுடாமல் எதிரிகளின் கழுத்தில் கை வைக்க முடிகிறது. பழி வந்தால், அது அவர்கள் சொந்த முடிவு என்று கை கழுவலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த அம்பு கொஞ்சம் வித்தியாசமானது, இதற்குச் சொந்தப் புத்தியும் உண்டு. ஆகவே எய்தவனிடமும் பேச வேண்டும், அம்பையும் கவனிக்க வேண்டும்.

அந்தச் சொந்தப் புத்தி என்பது நமக்குப் புதிதா? மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூர் இருக்கிறது. சேலம் எம்.பி.க்கும் தர்மபுரிக்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு இந்திய அரசு பயிற்சியும் ஆயுதமும் கொடுத்த காலத்தில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் அங்கே நடந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் பற்றி இந்த மண்ணில் ஆளுக்கொரு கருத்து உண்டு, எனக்கும் உண்டு, அதை இங்கே இழுக்கவில்லை. நான் பார்ப்பது ஆயுதம் கொடுத்த அரசுகளை. 1987 ஜூலையில் ஒப்பந்தம் போட்டுப் படையை அனுப்பினார்கள். அக்டோபரில் அதே புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த இந்தியப் படையை விரட்டுவதற்காக இலங்கை அதிபர் பிரேமதாசாவே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூர். 1993 மே 1-இல் கொழும்பில் பிரேமதாசா. இரண்டுக்கும் புலிகளையே காட்டினார்கள்.

பக்கத்து நாட்டுக் கூட்டத்துக்கு ஆயுதம் கொடுப்பவன், அந்தக் கூட்டம் எப்போதும் தன் கணக்குப்படியே சுடும் என்று நினைக்கிறான். டெல்லி அப்படி நினைத்தது, கொழும்பும் நினைத்தது. மும்பையில் 2008-இல் கடல் வழியாக வந்து இறங்கியவர்களை வளர்த்த பாகிஸ்தானுக்கும் அதே நினைப்புதான்; இன்றைக்குச் சொந்த மண்ணில் குண்டு வெடித்துக்கொண்டிருக்கிறது. தெஹ்ரானிடம் போய் இதை அனுபவத்தோடு சொல்லக்கூடிய நாடு இந்தியாவைப் போல வேறு இல்லை. வாஷிங்டன் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

நாம் சொன்னால் கேட்பார்களா என்று கேட்கலாம். கேட்கும் அளவுக்கு உறவு இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் தெஹ்ரான் போனபோது, இந்தியாவுக்கு அருகே கப்பல்கள் தாக்கப்படுவது நம் எரிசக்திக்கும் பொருளாதாரத்துக்கும் நேரடி பாதிப்பு என்று அங்கேயே பேசினார். நல்ல காரியம். அதே ஆண்டு மே மாதம் ஈரானின் சாபஹார் துறைமுகத்தைப் பத்தாண்டு நடத்த ஒப்பந்தமும் போட்டோம். அந்த ஒப்பந்தத்துக்கும் பாப் எல் மன்டெப்புக்கும் நடுவே ஏதாவது பேச்சு இருந்ததா என்பதுதான் என் கேள்வி. துறைமுகத்தில் பணம் போட்ட கை, இன்னொரு பக்கம் எங்கள் சரக்கை மறிப்பவனுக்கு ராக்கெட் போகாமல் பாருங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

போர்க்கப்பல் அனுப்பினால் தீர்ந்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 2024 ஜனவரியிலிருந்து குண்டு போட்டன. 2025 மார்ச் நடுவிலிருந்து அமெரிக்கா பெரும்பாலும் தனியாக ஏழு வாரம் போட்டுவிட்டு, மே மாதம் ஓமன் நடுவில் நின்று பேசி நிறுத்திக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து ஜூலையில் ஒரே வாரத்தில் இரண்டு கப்பல்களை ஹூதிகள் மூழ்கடித்தார்கள். சில பத்தாயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த இருபது லட்சம் டாலர் ஏவுகணையைச் சுட்டால் கணக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் பனியன் காஸ்டிங் போடும் பையனே சொல்லிவிடுவான்.

நம் கடற்படையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 23-இல் குஜராத்துக்கு ஏறக்குறைய 200 கடல் மைல் தூரத்தில் 'கெம் புளூட்டோ' டேங்கர் ட்ரோனில் அடிபட்டது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். 2024 குடியரசு நாளன்று 'மார்லின் லுவாண்டா' தீப்பிடித்தபோது ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்த் தீயணைத்தது. அதில் 22 பேர் நம்மவர்கள். மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' மேல் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தபோது, மீதிப் பேரைக் கடலிலிருந்து தூக்கியது ஐ.என்.எஸ். கொல்கத்தா. ஹூதிகள் கவனத்தைத் திருப்பியிருந்த நேரம் பார்த்து சோமாலியக் கொள்ளையர்களும் தலைதூக்கினார்கள். அவர்கள் பிடித்த 'ரூன்' கப்பலை நம் கமாண்டோக்கள் மீட்டு 35 பேரைப் பிடித்துவந்தார்கள். இவ்வளவு செய்தும், அப்போது பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் பழைய வழிக்குத் திரும்பவில்லை. காவல் நிற்பது வேறு, பயம் போவது வேறு.

காசாவுக்காகத்தானே அடித்தார்கள் என்று சொல்பவர்கள் உங்கள் கட்சிகளிலும் இருப்பார்கள். காசாவில் நடந்ததைப் பார்த்து வயிறு எரியாதவன் மனிதனே இல்லை. ஆனால் செத்த பிலிப்பைன்ஸ் மாலுமி காசாவுக்கு என்ன கெடுதல் செய்தான்? சூயஸ் வருமானத்தில் 2024-இல் மட்டும் ஏறக்குறைய 700 கோடி டாலர் இழந்தது காசாவின் அண்டை நாடான எகிப்து. அது மட்டுமல்ல, காசா போர் தொடங்குவதற்கு முன்பே, 2022 ஜனவரி 17-இல், அபுதாபி மேல் ஹூதிகள் நடத்திய தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் இந்தியர்கள். அதே மாதம் அவர்கள் பிடித்துவைத்த 'ர்வாபி' கப்பலில் ஏழு இந்தியர்கள் ஏப்ரல் வரை அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போது காசா எங்கே வந்தது?

நாமக்கல் எம்.பி.க்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஊர் முட்டை போவது ஓமனுக்கும் கத்தாருக்கும் துபாய்க்கும். செங்கடலில் தாக்குதல் ஓய்ந்தால் உங்கள் பாடு முடிந்துவிடாது. 2024 ஏப்ரலில், பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணைக்குப் பக்கத்தில் 'எம்.எஸ்.சி. ஏரீஸ்' கப்பலை, 17 இந்திய மாலுமிகளோடு, ஈரானின் புரட்சிக் காவல் படையே நேரில் பிடித்தது. ஒரு வாசலில் வளர்த்துவிட்ட ஆள், இன்னொரு வாசலில் தானே. முட்டை, பனியன்போல இரண்டு வாரம் காத்திருக்காது.

இனி நான் கேட்பவை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஆட்கள் டெல்லிக்குப் போனாலே மானியம், வட்டிச் சலுகை என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சமன்பாட்டுத் திட்டம் 2024 டிசம்பரோடு நின்றபோது நானும் வருத்தப்பட்டேன். 2025 நவம்பரில் 25,060 கோடி ரூபாயில் புதிய ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் சந்தோஷப்பட்டேன். இவை தேவை. ஆனால் கடல் அடைபட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கெஞ்சப் போகாத மாதிரி ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். கப்பல் சுற்றிப் போகிறது என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அறிவித்த நாளிலிருந்து, சிறு ஏற்றுமதியாளரின் பேக்கிங் கிரெடிட் தவணை, கூடுதலாக ஆகும் பயண நாளுக்கு ஏற்றபடி தானாக நீள வேண்டும். அபராத வட்டி கூடாது, அந்த நாள்களைத் தவணை தவறியதாகக் கணக்கில் எழுதக் கூடாது. அரசுக்கு இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியும் நிதி அமைச்சகமும் உட்கார்ந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை எழுதினால் போதும்.

கப்பல் நிறுவனங்கள் விஷயத்துக்கு வந்தால், போர்க்கட்டணம், நெரிசல் கட்டணம், பெட்டித் தட்டுப்பாட்டுக் கட்டணம் என்று பில்லில் வரிசையாக ஏறியது. ஏறியதில் எது எப்போது இறங்கியது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? இந்தியத் துறைமுகங்களில் வசூலிக்கும் ஒவ்வொரு கூடுதல் கட்டணத்துக்கும் காரணத்தையும் முடிவுத் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம். நம் நாட்டுச் சரக்கில் இந்தியக் கொடி கட்டிய கப்பல்கள் சுமப்பது மிகச் சிறிய பங்கு. 2025 செப்டம்பரில் 69,725 கோடி ரூபாயில் கப்பல் கட்டும் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அதில் கன்டெய்னர் கப்பல் எத்தனை, தெற்கே எத்தனை ஓடும் என்று கேளுங்கள். தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தார்கள், கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது. இன்னும் எங்கள் பெட்டி கொழும்பில் இறங்கி ஏறிக்கொண்டிருப்பது ஏன்? நெருக்கடி வரும்போது கொழும்பில் இடம் இல்லாமல் பெட்டி காத்துக் கிடந்த நாள்கள், சுற்றுவழியில் போன இரண்டு வாரத்துக்கு மேல் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெளியுறவு, நமக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் ஒதுங்கக் கூடாது. கொங்கு நாட்டு எம்.பி. எட்டுப் பேரும் எல்லாக் கட்சியையும் சேர்ந்தவர்களாக இருந்தாலும் சரி, ஒரே அணியாக இருந்தாலும் சரி, வருகிற கூட்டத்தொடரில் வெளியுறவு அமைச்சருக்கு, அவர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒன்றைக் கொடுங்கள். எழுதுவதற்கு நேரமில்லை என்று சொல்லிவிடாமல் இருக்க, நானே எழுதி வைத்திருக்கிறேன்:

"2023 நவம்பர் முதல் செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் இந்திய மாலுமிகள் இருந்த எத்தனை வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன, ஹூதிகளுக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கும்படி ஈரான் அரசிடம் இந்திய அரசு எந்தெந்தத் தேதிகளில் பேசியது, என்ன பதில் கிடைத்தது, சாபஹார் ஒப்பந்தப் பேச்சில் இது இடம்பெற்றதா, நன்னம்பிக்கை முனை வழியாகக் கப்பல்கள் சுற்றிச் சென்றதால் தமிழ்நாட்டின் சிறு, குறு ஏற்றுமதியாளர்களுக்கு ஏற்பட்ட இழப்பை அரசு கணக்கெடுத்ததா, இல்லையெனில் எப்போது எடுக்கும்?"

பதில் வந்ததும் அதன் நகலை ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கும், முடிந்தால் ஜாப் ஒர்க் சங்கங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சிறு பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர்,
அவிநாசி சாலை, திருப்பூர்.